வண்டி எங்கே நிற்கிறது: சிம்மா, வயர்லெஸ்ஸா, சாட்டிலைட்டா?

பத்து இருபது லாரி வைத்திருப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: "வண்டி திம்பம் ஏறும்போது டவர் போய்விடுகிறது, மேப்பில் புள்ளி அப்படியே நின்றுவிடுகிறது. சிம் போட்ட ஜிபிஎஸ்ஸை விட்டுவிட்டு ரேடியோவுக்குப் போய்விடலாமா?" கல்குவாரிக்காரர்கள் இதையே தலைகீழாகக் கேட்பார்கள்: "எங்கள் டிப்பர் குவாரியை விட்டு வெளியே போவதே இல்லை. மாதாமாதம் சிம்முக்கு ஏன் தண்டம் அழ வேண்டும்?"

முதல் கேள்விக்கு விடை: வேண்டாம். இரண்டாவதற்கு விடை: பல சமயம் அழ வேண்டியதில்லை.

இரண்டிலும் குழப்பம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னலைக் கேட்டு, தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தக் கணக்கை உங்கள் ஆபீஸுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வேறொரு பாதை. சிம், ரேடியோ, லோரா (சின்னச் செய்திகளை மட்டும் சில கிலோமீட்டருக்கு அனுப்பும் ரேடியோ முறை), சாட்டிலைட் என்று நாம் விலை பேசுவதெல்லாம் அந்த இரண்டாவது பாதைக்குத்தான். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவிலும் ஜிபிஎஸ் பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருக்கும். சொல்லி அனுப்பத்தான் ஆள் இல்லை.

## முதலில் எதைப் பார்ப்பது

இப்போதே தெரிய வேண்டுமா, அரை மணி கழித்துத் தெரிந்தால் போதுமா? மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். லோடு எங்கே இறங்கியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எங்கே மூன்று மணி நேரம் நின்றது என்பதெல்லாம் தாமதமாக வந்தாலும் கெட்டுப்போகாத தகவல். குவாரியில் வெடி வைக்கும் முன் எல்லா வண்டியும் விலகியதா என்பது அந்த நொடியே தெரிய வேண்டியது.

வண்டி எங்கெல்லாம் போகும்? நாமக்கல்லில் ஏறி குவாஹாட்டியில் இறக்கும் வண்டிக்கும், ஒரே வேலிக்குள் நாள் முழுக்கச் சுற்றும் வண்டிக்கும் ஒரே விடை பொருந்தாது.

எத்தனை வண்டி, எத்தனை நொடிக்கு ஒருமுறை? செல்போன் நெட்வொர்க்கில் இதை யோசிக்கவே தேவையில்லை. ரேடியோவிலும் லோராவிலும் எல்லாமே இதில்தான் இருக்கிறது.

டிரைவரோடு பேசவும் வேண்டுமா? இது விடையையே மாற்றிவிடும்.

தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் உங்களுக்கு விட்டுவைத்திருக்கிறதா? பஸ், டாக்ஸி போன்ற பயணிகள் வாகனங்களில் 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய வண்டிகளுக்கு ஏஐஎஸ் 140 என்ற இந்தியத் தரத்திலான கண்காணிப்புக் கருவியும் அவசர பட்டனும் கட்டாயம். ஆட்டோவுக்கு இது இல்லை. சரக்கு வண்டிகளில் எரிவாயு, ரசாயனம் போன்ற அபாயகரமான பொருள் ஏற்றுபவை, நேஷனல் பெர்மிட் வண்டிகள் ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. உங்கள் வண்டி எந்த வகையில் வருகிறது என்று ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கருவி தேடுங்கள். அங்கீகாரப் பட்டியலில் இல்லாத கருவியை மலிவாக வாங்கி மாட்டிவிட்டு, எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்கும் சமயத்தில் இன்னொன்று வாங்குவது வீண் செலவு.

மூன்று வருடத்துக்கு மொத்தம் என்ன ஆகும்? கருவியின் விலையை மட்டும் பார்ப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கணக்குப் பழகுவதற்காக ஒரு எடுத்துக்காட்டு: கருவி 3,500 ரூபாய், வருடச் சந்தா 2,000 ரூபாய் என்று வையுங்கள். மூன்று வருடத்தில் ஒரு வண்டிக்கு 9,500, இருபது வண்டிக்கு 1,90,000. இதில் கருவி பங்கு 70,000தான்.

## சிம் போட்ட கருவி

ஊர் விட்டு ஊர் போகும் வண்டிக்கு இன்றைக்கு இதுதான் விடை. ஆனால் இதற்குள்ளேயே நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரிப் பெட்டியில் வருகிறது.

டேட்டாவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு பதிவு, அதைச் சுற்றிய தலைப்பு எல்லாம் சேர்த்து 250 பைட் என்று வைத்தால், 10 நொடிக்கு ஒருமுறை, நாளுக்கு 10 மணி நேர ஓட்டத்தில் 3,600 பதிவு. நாளுக்கு ஒரு எம்பிகூட ஆகாது, மாதத்துக்கு 27 எம்பி. யாராவது "30 நொடிதான் தருவோம், டேட்டா செலவு அதிகம்" என்றால் அது சர்வரில் இடத்தை மிச்சம் பிடிக்கும் பேச்சு.

அந்த 30 நொடி சின்ன விஷயம் இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் 30 நொடியில் வண்டி 500 மீட்டர் போய்விடும். நேர்ச்சாலையில் பாதகமில்லை. மலைப்பாதையில் இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரு வளைவே மறைந்துபோகும். சாஃப்ட்வேர் இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து தூரத்தைக் குறைத்துக் காட்டும். டீசல் குடித்தது குடித்ததுதான், கிலோமீட்டர் மட்டும் குறைவு. மைலேஜ் விழுந்ததாகத் தெரியும், பழி டிரைவர் தலையில். அதனால் நேர இடைவெளியோடு திருப்பத்தையும் கணக்கில் எடுக்கும் கருவியாகக் கேளுங்கள்: வண்டி 15 அல்லது 20 டிகிரி திரும்பினாலே ஒரு புள்ளி பதிவாக வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கக் கோளாறும் ஒன்று உண்டு. நிற்கும் வண்டியின் புள்ளி இருபது முப்பது மீட்டருக்குள் காக்கை கீறியது போல அலைந்து, இரவெல்லாம் கிலோமீட்டர் ஏற்றும். இக்னிஷன் ஆஃப் ஆனதும் இடத்தை உறையவைக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

டவர் இல்லாத இடம். மலைப்பாதைக்கு மருந்து கருவியின் நினைவகம். டவர் இல்லாதபோது பதிவுகளைச் சேமித்து, கிடைத்ததும் வரிசையாக அனுப்ப வேண்டும். ஏஐஎஸ் 140 கேட்பது குறைந்தது 40,000 பதிவு. 10 நொடிக்கு ஒன்று என்றால் 111 மணி நேரம், நாலரை நாளுக்குத் தாராளமாகப் போதும். ஆயிரம் பதிவு மட்டும் தாங்கும் மலிவுக் கருவி மூன்று மணிக்குள் நிரம்பிவிடும். சேமிப்பு இருந்தும் பாதை ஓட்டையாக வந்தால், கருவி சர்வரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் அனுப்பிவிட்டு அழித்துவிடுகிறது என்று பொருள். "சர்வர் பெற்றுக்கொண்டேன் என்று சொன்ன பிறகுதான் அழிக்குமா?" என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். விழித்தால் வேறு கடை.

2ஜியா 4ஜியா? ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 2ஜி மட்டும் உள்ள கருவியில் ஜியோ சிம் போட்டால் உயிரே வராது. இன்றைக்கு வாங்குவதென்றால் 4ஜி கேட்-1 (கருவிகளுக்கான குறைந்த வேக 4ஜி வகை), கூடவே 2ஜிக்கு இறங்கும் வசதி. கேட்-1 சாதாரண 4ஜி டவரிலேயே ஓடும். என்பி-ஐஓடி என்று எழுதியதை ஓடும் வண்டிக்கு வாங்காதீர்கள். தண்ணீர் மீட்டர் போல ஒரே இடத்தில் இருப்பதற்காக வந்தது அது, டவர் விட்டு டவர் தாவுவதில் தடுமாறும். ஏஐஎஸ் 140 கருவிகளில் உள்ளேயே பதித்த சிம்மில் இரண்டு நிறுவனத்தின் இணைப்பு இருக்கும், ஒன்று போனால் மற்றதுக்கு மாறும். சாதாரணக் கருவியில் கடைச் சிம் போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. ஆப்பிள் ஏற்றப் போகும் வண்டி லக்கன்பூர் தாண்டியதும் மேப்பிலிருந்து மறைந்தால் காரணம் இதுதான்.

மாட்டுவதில் நடக்கும் தப்புகள். புகார்களில் பெரும்பங்கு நெட்வொர்க்கால் வருவதில்லை, வயரிங்கால் வருகிறது.

மின்சாரத்தை நேராக பேட்டரியிலிருந்து 1 அல்லது 2 ஆம்ப் ஃபியூஸ் வழியாக எடுக்க வேண்டும். சாவிக்குப் பின்னால் எடுத்தால் வண்டியை அணைத்ததும் கருவியும் தூங்கிவிடும். லாரியில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் அதற்கு முன்னாலேயே எடுங்கள்; இல்லாவிட்டால் டிரைவர் ராத்திரி சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் "வயர் வெட்டப்பட்டது" என்று உங்கள் போன் அலறும். லாரி 24 வோல்ட், டாடா ஏஸ் மாதிரி சின்ன வண்டி 12 வோல்ட். கருவி இரண்டையும் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உறங்காத கருவி 50 மில்லிஆம்ப் இழுத்தால், நிறுத்திவைத்த வண்டியில் மாதத்துக்கு 36 ஆம்பியர்-மணி காலி. ஷெட்டில் ஒரு மாதம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போக அது போதும்.

ஆன்டெனா வானத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடி, பிளாஸ்டிக், ஃபைபர் மறைத்தால் பரவாயில்லை. தகடு மறைத்தால் குருடு. பாடி கட்டிய கேபினில் டேஷ்போர்டுக்கு அடியிலேயே இரும்புப் பட்டை போயிருக்கும், தடவிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். இன்னொன்று, பட்டறையில் பாடிக்கு வெல்டிங் வைக்கும் முன் கருவியின் கனெக்டரைப் பிடுங்கச் சொல்லுங்கள். வெல்டிங்குக்குப் போய்வந்த வண்டியில் கருவி செத்துப்போவது ராசியால் இல்லை.

மறைவான செலவு. சர்வர் பூட்டு. சிலர் கருவியைத் தங்கள் சர்வருக்கு மட்டும் பேசும்படி பூட்டியே விற்பார்கள். இரண்டாம் வருடம் சந்தாவை ஏற்றினால் நீங்கள் கருவியோடு வெளியே வர முடியாது. சர்வர் முகவரியை மாற்றும் எஸ்எம்எஸ் கட்டளையையும் பாஸ்வேர்டையும் பில்லோடு எழுதி வாங்குங்கள். வாங்கியதும் அந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். கம்பெனியிலிருந்து வரும் 123456 ஊருக்கே தெரியும்.

## வயர்லெஸ் ரேடியோ

சொந்தமாகக் கோபுரம், சொந்தமாக அலைவரிசை, மாதச் சந்தா இல்லை. கேட்க இனிக்கும்.

டிஎம்ஆர் வகை டிஜிட்டல் ரேடியோ 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனல் ஒன்றை இரண்டு நேரத் துண்டாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு துண்டைப் பேச்சுக்கும் மற்றதை இடத் தகவலுக்கும் ஒதுக்குவது நல்ல ஏற்பாடு. இரண்டையும் ஒன்றிலேயே திணித்தால், யாராவது பட்டனை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும் வரை வண்டிகள் மேப்பில் உறைந்திருக்கும். கேள்வியும் பதிலுமாக ஒரு வண்டிக்கு ஒரு நொடி என்று வைத்தால், நிமிடத்துக்கு அறுபது வண்டிக்கு மேல் கேட்கவே முடியாது. மோதலும் மறுமுயற்சியும் போக, பாதியை நம்பித் திட்டமிடுங்கள். முப்பது டிப்பருக்கு நிமிடத்துக்கு ஒருமுறை சரி. இருநூறு வண்டிக்கு 10 நொடி என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

எட்டும் தூரத்துக்கு ஒரு வாய்ப்பாடு: இரண்டு ஆன்டெனாவின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்குங்கள். 30 மீட்டர் கம்பமும் 2 மீட்டரில் வண்டி ஆன்டெனாவும் என்றால் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். இது தட்டையான வெற்றுநிலத்தில். நடுவே ஒரு குன்று நின்றால் அதற்குப் பின்னால் ஒன்றும் கேட்காது. குழி ஆழமாகும் குவாரியில், போன வருடம் எட்டிய இடம் இந்த வருடம் எட்டாமல் போகும்.

மறைவான செலவு இதில் நிறைய. அலைவரிசைக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில் உரிமம், வருடாவருடம் கட்டணம், கம்பத்தின் இடத்துக்கும் உயரத்துக்கும் அதே துறையின் சாக்ஃபா அனுமதி. கம்பத்தில் வாங்கிய அலையை வலுவாக்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டருக்கு பேட்டரி, இடி தாங்கி, ஒழுங்கான எர்த். வண்டியில் ஆன்டெனா கேபிளின் முனையில் தண்ணீர் இறங்கினால் அலை திரும்பி அடித்து, 25 வாட் பெட்டி பக்கத்து ஷெட்டுக்குக்கூட எட்டாது. இதையெல்லாம் பார்க்கத் தெரிந்த ஆளை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தையில் ஒரு மாயமும் நடக்கிறது. "லைசென்ஸ் வேண்டாம், இந்தியா முழுக்கப் பேசலாம்" என்று வாக்கிடாக்கி விற்பார்கள். பார்க்க ரேடியோ, உள்ளே 4ஜி சிம். பயனுள்ள பொருள்தான், ஆனால் டவர் இல்லாத இடத்தில் வெறும் டப்பா. மலைப் பிரச்சினைக்காக ரேடியோ தேடிப் போனவர் இதை வாங்கினால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

## லோரா

குவாரி, எஸ்டேட், யார்டு வைத்திருப்பவர்கள் ரேடியோவுக்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், குறிப்பிட்ட சக்திக்குள் உரிமம் இல்லாமல் ஓட்டலாம். வண்டிக்கு வண்டி சின்ன டேக், ஷெட் கூரையில் அவை அனுப்புவதை வாங்கி சர்வருக்குத் தரும் ஒரு கேட்வே. சிம்மும் சந்தாவும் கேட்வேக்கு மட்டும்.

விலை வேறு விதத்தில் கொடுக்கிறோம்: பேச்சு இல்லை, வேகமும் இல்லை. இடமும் வேகமும் சேர்ந்த 20 பைட் செய்தி, கேட்வே அருகில் இருக்கும்போது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் போய்விடும். எல்லையில், மிக மெதுவான எஸ்எஃப்12 முறையில், அதே செய்திக்கு ஒன்றரை நொடி பிடிக்கும். யார் எப்போது அனுப்புவது என்று ஒழுங்குபடுத்த ஆள் இல்லாததால் செய்திகள் மோதித் தொலையும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, நடுவே ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் பரவாயில்லை என்றால் இதைவிட மலிவு வேறில்லை. டிப்பர் நாளுக்கு எத்தனை நடை அடித்தது என்று எண்ண இது போதும். கிரஷர் அருகிலும் லோடர் அருகிலும் மேப்பில் வேலி வரைந்துவிட்டால் நடைக்கணக்கு தானாக விழும்.

## சாட்டிலைட்

இரிடியம் போன்ற வலையமைப்பு 66 செயற்கைக்கோளோடு பூமி முழுக்க எட்டும். ஆனால் இந்தியாவில் சாட்டிலைட் தொடர்புக் கருவியை அரசு அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். இணையத்தில் கண்டதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டிவிடாதீர்கள். காசு செய்திக்குச் செய்தி என்பதால் 10 நொடி ஆசையெல்லாம் கட்டுப்படியாகாது. நம் சாலைகளில் ஓடும் லாரிக்கு இதன் தேவை அநேகமாக இல்லை.

## டிரைவர் போனும் சிம் பிங்கும்

சொந்த வண்டிக்கு இது வேண்டாம். மார்க்கெட் வண்டி பிடித்து லோடு ஏற்றும் புக்கிங் ஆபீஸுக்கு இதுதான் வழி. ஒரு நடைக்கு வரும் வண்டியில் கருவி மாட்ட முடியாது.

ஆப் போட்டால் இடம் துல்லியமாக வரும், ஆனால் போனின் பேட்டரி சேமிப்பு அமைப்பு அதை அரை மணியில் கொன்றுவிடும். அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கி வைக்க வேண்டும். சிம் பிங் முறையில் ஆப்பே தேவையில்லை, பட்டன் போனும் போதும். டிரைவர் எஸ்எம்எஸ்ஸில் சம்மதம் சொன்னதும் நெட்வொர்க் டவரை வைத்து இடம் சொல்லும். ஊருக்குள் சில நூறு மீட்டர் பிசகும், நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கணக்கில். "கிருஷ்ணகிரி தாண்டிவிட்டான்" என்று பார்ட்டியிடம் சொல்ல அது போதும், எந்த தாபாவில் நிற்கிறான் என்று சொல்லாது.

## ஒரே பார்வையில்

| | சிம் கருவி | டிஎம்ஆர் ரேடியோ | லோரா | சாட்டிலைட் | போன் / பிங் |
|---|---|---|---|---|---|
| எல்லை | நாடு முழுக்க, டவர் உள்ளவரை | ஒரு கம்பத்துக்கு 10–30 கி.மீ. | சில கி.மீ. | எங்கும் | டவர் உள்ளவரை |
| இடைவெளி | 5–10 நொடி | 1 நிமிடம் | 1–2 நிமிடம் | 15 நிமிடமும் மேலும் | ஆப்: நிமிடம், பிங்: அதற்கும் அரிது |
| பேச்சு | பொதுவாக இல்லை | உண்டு | இல்லை | இல்லை | போனிலேயே |
| உரிமம் | வேண்டாம் | வேண்டும் | வேண்டாம் | வேண்டும் | டிரைவர் சம்மதம் |
| காசு போகும் இடம் | சந்தா | கம்பம், உரிமம், ஆள் | கேட்வே | செய்திக் கட்டணம் | ஒவ்வொரு நடைக்கும் |
| முதலில் கெடுவது | வயரிங் | ஆன்டெனா, எர்த் | செய்தி மோதல் | வானம் மறைப்பு | பேட்டரி சேமிப்பு |

## யாருக்கு எது

வெளிமாநில லோடு ஓட்டும் லாரி, போர்வெல் வண்டி, டேங்கர்: 40,000 பதிவு தாங்கும் 4ஜி கருவி, வேறு யோசனையே வேண்டாம். டேங்கருக்கும் பஸ்ஸுக்கும் ஏஐஎஸ் 140 முத்திரையோடு.

வேலிக்குள் சுற்றும் இருபது டிப்பர், நடைக்கணக்கு மட்டும் போதும்: லோரா போதும், வண்டிக்கு வண்டி சிம் வேண்டாம். நெய்வேலி மாதிரி பெரிய திறந்தவெளிச் சுரங்கம், டவர் நம்பகமில்லாத எஸ்டேட், அதாவது எந்திரம் ஓட்டுபவரோடு நொடிக்கு நொடி பேசியாக வேண்டிய இடம்: அங்கேதான் டிஎம்ஆர் தன் விலைக்கு வேலை செய்யும். பேச்சுக்காக ரேடியோ எப்படியும் தேவை என்றாகிவிட்டால் இடத் தகவல் கிட்டத்தட்ட இலவச இணைப்பு. இடத் தகவலுக்காக மட்டும் ரேடியோ வாங்குவது வீட்டுக்குப் பால் வேண்டும் என்று பண்ணை வைப்பது.

இரண்டும் கலந்த நிலைமையும் உண்டு. வால்பாறையில் இலை ஏற்றி ஃபாக்டரிக்கு வரும் வண்டி பாதி நேரம் டவரில் இருக்கும், பாதி நேரம் இருக்காது. அதற்கு ரேடியோ வேண்டாம்; சேமித்து அனுப்பும் சிம் கருவி, ஃபாக்டரி வாசலில் நல்ல சிக்னல், அவ்வளவே போதும்.

## மொத்தமாக வாங்கும் முன்

இருபதுக்கு ஆர்டர் கொடுக்காமல் இரண்டு வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சிம்மைக் கழற்றி இரண்டு மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். அந்த இரண்டு மணிப் பாதை முழுசாக, வரிசை மாறாமல் மேப்பில் விழ வேண்டும். பேட்டரி வயரைப் பிடுங்குங்கள். ஒரு நிமிடத்துக்குள் உங்களுக்குத் தகவல் வர வேண்டும், உள்பேட்டரி நாலு மணி நேரம் தாங்க வேண்டும். ஆன்டெனாவை அலுமினியத் தாளால் மூடுங்கள்; "செயற்கைக்கோள் 0" என்று காட்ட வேண்டும். பழைய இடத்தையே புது நேரத்தோடு காட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கருவி பொய் சொல்லும். பின்னால் என்றாவது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஜாமர் (ஜிபிஎஸ் சிக்னலை முடக்கும் கருவி) செருகப்பட்டால் அதைக் கண்டுபிடிக்க உதவும் முக்கியத் தடயம், டவர் சிக்னல் நன்றாக இருக்கும்போதே செயற்கைக்கோள் எண்ணிக்கை பூஜ்யமாவதுதான். கடைசியாக, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி 100 கிலோமீட்டர், மலைப்பாதையும் சேர்த்து, ஓட்டுங்கள். மேப் கிலோமீட்டரும் மீட்டரும் மூன்று கிலோமீட்டருக்குமேல் வித்தியாசப்பட்டால் திருப்ப டிகிரியைக் குறைத்து வைத்து இன்னொருமுறை. அது சரியாகும்வரை அந்தக் கருவியின் மைலேஜ் ரிப்போர்ட்டை வைத்து எந்த டிரைவரிடமும் கணக்குக் கேட்காதீர்கள்.